பூனைகளுக்கு அனுமதி இல்லை

ஜூன் 3, செவ்வாய்
பட்டறை, மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை இங்கே நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போன வாரம் நூலகத்தில் ஒரு கப்பல் தலைவரின் நாட்குறிப்பைப் படித்தேன். கப்பல் மூழ்கும் நாளில்கூட அவர் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார். நானும் அப்படி எழுதுவேன். (நம் குஷன் பட்டறை மூழ்கவில்லை. பயப்படாதீர்கள்.)

கடிதத்தை ஃபோம் வண்டி டிரைவரிடம் கொடுத்து விடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் இங்கே ஃபோம் இறக்கிவிட்டு, சாயங்காலம் நீங்கள் இருக்கும் நகரத்துக்குத் திரும்புகிறார். ஆஸ்பத்திரி அவர் போகிற வழியிலேயே இருக்கிறதாம். அம்மாவின் போனில் பேசலாம்தான். ஆனால் அம்மா உங்கள் வார்டுக்குப் போன் போட்டால் முதல் நிமிடம் அழுகை, இரண்டாம் நிமிடம் மூக்கைச் சிந்துவது, மூன்றாம் நிமிடம் கட்.

உங்கள் போன் கிடைத்துவிட்டது. கிடைத்தது என்று சொல்ல முடியாது, இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. நேற்று பல் டாக்டரின் உதவியாளர் வந்து வாசலில் நின்றார்.

"எங்க வெயிட்டிங் ரூம் சோபா அடிக்குதுங்க."

"அடிக்குதா? யாரை?" என்று கேட்டார் தையல்காரம்மா. (உறைகள் தைப்பவர் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆவணம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.)

"மணி அடிக்குது. நேத்து ஒரு பேஷண்ட் உக்காந்ததும் அடியில கிர்ருன்னு. பல்லு பிடுங்காமயே ஓடிட்டாரு."

காய்ச்சலோடு வேலை செய்யாதே என்று அம்மா இரண்டு மாதமாகச் சொன்னாள். ஃபோம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களும் இரண்டு மாதமாகச் சொன்னீர்கள். கடைசியில் சட்டைப் பையிலிருந்த போனை சோபாவுக்குள் விட்டு, மேலே தைத்து, டெலிவரியும் செய்துவிட்டீர்கள். புதுத் தையலைப் பிரிக்க வேண்டாம், பேட்டரி தீர்ந்தால் தானாக அடங்கிவிடும் என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நீதிபதியம்மாவின் பச்சை சோபா இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. அடித்துணி ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது. தையல்காரம்மா "இன்னைக்கு இதைப் பிரிச்சிரலாமா?" என்று கேட்டார். மாமா வந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நம்மூர் டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாயை வைத்து "புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே" என்றதோடு உங்களை அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன நோய்? சுருக்காமல் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பு உயிரியல் எனக்கு முடிந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கடிதத்தில் விட்டிருக்கிறேன். விட்டுவிடுவது பொய் ஆகாது என்று நினைக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

ஜூன் 5, வியாழன்
கட்டில் எண் 42

அடியே அகராதி,

டிரைவர் உன் கடிதத்தை நர்ஸிடம் கொடுக்க, நர்ஸ் அதை ஏதோ பழைய மருந்துச் சீட்டு என்று டாக்டரிடம் கொடுக்க, டாக்டர் முதல் பத்தியைப் படித்துவிட்டு, "யாருங்க இந்தக் கேப்டன்?" என்று கேட்டார். என் மருமகள், வீட்டில் அகராதி என்று பெயர் என்றேன். "நீங்களும் இவங்களை மாதிரி ஒழுங்கா விவரம் சொல்லியிருந்தா என் வேலை பாதி முடிஞ்சிருக்கும்" என்றார். வந்த முதல் வாரமே உன்னால் எனக்குத் திட்டு.

நோய் என்ன என்று கேட்டாய். நம் பாஷையிலேயே சொல்கிறேன். இதயத்தில் ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போக வேண்டும் என்பதற்காக வால்வு வைத்திருக்கிறது. மூன்று இதழ் சேர்ந்து மூடும். எனக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தானாம். முப்பத்தாறு வருஷமாக எனக்கே தெரியாது. தயாரித்தவர் செய்த குறை, வாரண்டியும் முடிந்துவிட்டது. அந்த மாதிரி வால்வில் கிருமி ஒட்டிக்கொள்வது சுலபமாம். எங்கிருந்தோ ரத்தத்தில் ஏறிய கிருமி அங்கே உட்கார்ந்து குடித்தனம் பண்ணுகிறது. ஸ்கேனில் காட்டினார்கள். தையல் விட்ட ஓரத்தில் பஞ்சு பிதுங்கித் தொங்குமே, அச்சு அசலாக அதே. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. என் வேலைக்கு வந்த சோபாவாக இருந்தால் அரைமணி நேரத்தில் உள்ளே தள்ளித் தைத்துவிடுவேன்.

கஷ்டம் எங்கே என்றால், எந்தக் கிருமி என்று தெரியவில்லை. ரத்தத்தை எடுத்துக் குப்பியில் விட்டு வளர்க்கிறார்கள். மூன்று தடவை வளர்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆள் யார் என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் ஆணி அடிப்பது மாதிரி.

அதனால் டாக்டர் முதல் நாளே ஆயிரம் கேள்வி கேட்டார். பல் பிடுங்கினாயா? ஆடு மாடு உண்டா? காய்ச்சாத பால் குடிப்பாயா? நாய், பூனை? உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பூனையா! எங்க பட்டறை வாசல்ல போர்டே மாட்டியிருக்கோம் டாக்டர். இவனே எழுதினது" என்றாள். உனக்குத் தெரியாததா? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பூனை புது வெல்வெட் நாற்காலியைக் கிழித்ததிலிருந்து 'பூனைகளுக்கு அனுமதி இல்லை' போர்டு அங்கேதான் தொங்குகிறது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டு வேலை உனக்கு. ஒன்று, பச்சை சோபாவை யாரும் தொடக் கூடாது. நுட்பமான வேலை. இரண்டு, சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது பின் ஜன்னலை ஒரு கையளவு திறந்து வை. அந்த ஜன்னலடியில் ஒரு கிண்ணத்தில் கால் லிட்டர் பால் வை. வார்னிஷ் வாசனையைப் பால் இழுத்துக்கொள்ளும். தொழில் ரகசியம். அக்காவிடம் சொல்லாதே, வீண் செலவு என்பாள்.

உன் மாமா

ஜூன் 10, செவ்வாய்
பட்டறை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பஞ்சு ஆடுவதாக எழுதியிருந்த இடத்தை மட்டும் ஐந்து முறை.

சனிக்கிழமை நூலகத்தில் இதயம் பற்றிய புத்தகத்தை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறதாம் வால்வு. நம் பட்டறைக் கதவு ஒரு நாளைக்கு முப்பது தடவை திறக்கிறது, அதற்கே கீல் கழன்றுவிட்டது. எனவே இரண்டு இதழை வைத்துக்கொண்டு நீங்கள் இதுவரை சமாளித்ததே பெரிய சாதனை என்பது என் கருத்து.

பால் வைக்கிறேன். வார்னிஷ் வாசனையைப் பால் இழுக்குமா என்று இரண்டு புத்தகத்தில் தேடினேன். எங்கும் இல்லை. தொழில் ரகசியம் என்பதால் இருக்காதுதான். காலையில் கிண்ணம் காலியாக இருக்கிறது. கால் லிட்டர் பால் ஓர் இரவில் ஆவியாக முடியாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை நீதிபதியம்மா வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டாலும் பட்டறைக்குள் நுழையும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்போல் இருக்கிறது.

"என் சோபா வந்து மூணு மாசமாச்சு. எப்ப முடியும்?"

"மாமாவுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன்.

"கேள்விப்பட்டேன். நல்லாகி வரட்டும், அவசரமில்லை. ஆனா சோபாவை ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

நான் பின்னறைக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். ஏன் நின்றேன் என்று அவர் கேட்கவில்லை, பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பல பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார்கள். தையல்காரம்மாதான் மெஷினை நிறுத்தாமலே, "உள்ள ஒரே தூசிங்கம்மா, தும்மல் வரும்" என்று காப்பாற்றினார். எதற்காகக் காப்பாற்றினார் என்று தெரியவில்லை. எனக்கும் நுட்பமான வேலையில் அக்கறை உண்டு என்று நினைத்திருப்பார்.

சோபா போன் ஞாயிற்றுக்கிழமையோடு அடங்கிவிட்டது. பல் டாக்டர் நன்றி சொல்லச் சொன்னார்.

உங்கள் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவே இல்லை. தினமும் எழுதுங்கள். நான் வரைபடம் போடுகிறேன்.

தங்கள் அன்பு மருமகள்

ஜூன் 12, வியாழன்
கட்டில் எண் 42

அகராதி,

வரைபடம் வேண்டாம். போட்டால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். சாயங்காலம் ஏறுகிறது, விடிகாலை வியர்த்து இறங்குகிறது. மருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நேற்று டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்று பேசினால் நல்ல செய்தி, உட்கார்ந்து பேசினால் மற்ற செய்தி என்று 41ஆம் கட்டில்காரர் எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார். பஞ்சு பெரிதாகிறதாம். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் வம்பு. அடுத்த வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி, நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்துவிடலாம் என்கிறார். வைத்தாலும், எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் அது புது வால்விலும் போய் உட்காரும். அதுதான் அவருக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. பழைய சோபாவை நான் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஏதாவது ஒன்று எதிர்பாராமல் இருக்கும். சில்லறை, சீப்பு, ஒரு தடவை பொய்ப் பல். என்னைத் திறந்தால் என்ன இருக்குமோ.

சிரிப்பு வரவில்லை என்றால் விட்டுவிடு. எனக்கும் சுமாராகத்தான் வந்தது.

அக்கா ஞாயிறு வருகிறாள். அவள் எதிரில் அழாதே. பச்சை சோபா பத்திரமா? ஜன்னல் திறந்திருக்கிறதா? ஒருவேளை நான் திரும்ப நாளானால், அந்தச் சோபாவைப் பிரிக்கும்போது நீ பக்கத்தில் இரு. வேறு யாரையும் விடாதே. ஏன் என்று அப்போது தெரியும்.

மாமா

ஜூன் 17, செவ்வாய்
பட்டறை, பிற்பகல்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே நடுவில் ஒரு பக்கத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். கிழித்துக் கொடுத்தாலும் சரி.

முதல் கடிதத்தில் ஒரு விஷயத்தை விட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அது ஒரு பூனை.

ஜனவரியில் மழை பெய்த ஒரு நாள் பின் ஜன்னல் வழியாக வந்தது. சாம்பல் நிறம், அப்போது என் இரண்டு கைக்குள் அடங்கும். நான் அதற்கு 'முன்னுரை' என்று பெயர் வைத்தேன். போர்டு இருப்பது எனக்குத் தெரியும். அதை எழுதியவர் நீங்கள் என்பதும் தெரியும். பச்சை சோபா வந்ததும், பிரிந்த அடித்துணிக்குள் அது குடியேறிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் நான்கு குட்டி போட்டது. உங்கள் வார்னிஷ் பாலைக் குடிப்பதும் அதுதான். உங்கள் தொழில் ரகசியத்தைக் கெடுத்துவிட்டேன்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் சனிக்கிழமை நூலகத்தில் பெரிய மருத்துவப் புத்தகத்தைப் பார்த்தேன். குப்பியில் முளைக்காத கிருமிகள் என்று ஒரு சிறிய பகுதி இருந்தது. அதில் ஒன்று பூனையிடமிருந்து வருவது. இளம் பூனையின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும், கீறலின் வழியாக மனிதருக்குள் போகும், பழுதான இதய வால்வில் தங்கும், மிக அரிது, ரத்தத்தில் வேறு மாதிரிப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அம்மா உங்களைப் பார்க்கக் கிளம்பும்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அம்மா குட்டிகளைத் தெருவில் விட்டுவிடுவாள் என்று பயந்து விழுங்கிவிட்டேன். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் உண்மை. இரண்டு நாளை நான் வீணாக்கினேன்.

டாக்டர் அவர்களுக்கு:
பட்டறையில் ஐந்து மாதமாக ஒரு பூனை இருக்கிறது. வந்தபோது அது குட்டி. அதற்குத் தெள்ளுப்பூச்சி உண்டு. என் கணுக்காலில் ஏழு கடிகள் இருந்தன. மாமாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது ஏப்ரலில். அதற்கு முன் அவருடைய இடது மணிக்கட்டில் கீறல்கள் இருந்தன. ஆணி கிழித்தது என்றார். குஷன் வேலை செய்பவர் கையில் எப்போதும் கீறல் இருக்கும், எனவே யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அவை மூன்று கோடுகள், இணையாக, சம இடைவெளியில். ஆணி ஒரு கோடுதான் போடும்.

மாமா, அப்படியானால் பூனை உங்களைச் சந்தித்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் தவறு என்னுடையது. குட்டிகளை என்ன செய்தாலும் சரி. உங்களைத் திறக்கும் முன் இதை அவர்கள் படிக்க வேண்டும்.

டிரைவரிடம், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள கொடுத்துருவீங்களா?" என்று கேட்டேன். "ஃபோம் எல்லாம் இறக்கியாச்சு, காலி வண்டிதானே, பறந்து போயிருவேன்" என்றார்.

தங்கள் மருமகள்

ஜூன் 19, வியாழன்
கட்டில் எண் 42

என் மருமகளே,

முதலில் தேவையான செய்தி. நாளைக்கு ஆபரேஷன் இல்லை. தள்ளி வைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்து வேறொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம், ஆனால் அதற்குக் காத்திருக்காமல் நேற்றே மருந்தை மாற்றிவிட்டார்கள்.

இனி நடந்தது. டாக்டர் உன் பக்கத்தை நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை படித்தார். பிறகு என் இடது மணிக்கட்டைத் திருப்பினார். தழும்பு இன்னும் இருக்கிறது. மூன்று கோடு. இருபது வருஷமாக ஆணி அடிக்கிறேன், ஆணி ஒரு கோடுதான் போடும் என்று பொய் சொன்னபோது எனக்கே தோன்றவில்லை பார்.

"பூனை இருக்கான்னு நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க டாக்டர்."

"இல்லைன்னு ஏன் தலையாட்டினீங்க?"

"அக்கா பக்கத்துல நின்னாங்க."

"உங்களுக்கு வயசு என்ன?"

"முப்பத்தாறு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் 41ஆம் கட்டில்காரர் சிரிக்க ஆரம்பித்தார், நர்ஸ் சிரித்தார், கடைசியில் டாக்டரும்.

ஆமாம், அகராதி. எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு சோபாவின் ஸ்பிரிங்கில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. எடுத்துவிட்டேன், நன்றிக்குக் கீறிவிட்டது. அதனால் 'ஸ்பிரிங்' என்று பெயர். தினமும் காலையில் பால் ஊற்றுவேன். சாயங்காலம் ஊற்றினால் ஏன் திரும்பிப் பார்க்காது என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போது புரிகிறது, நீ முந்திக்கொண்டிருக்கிறாய். போர்டு எழுதிய கையாலேயே பால் ஊற்றுகிறேன் என்று உனக்குத் தெரிந்தால் என் மானம் போகும் என்று வார்னிஷ் கதையை விட்டேன். ஒரு பூனைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

குட்டி நான்கா! எனக்கு அது தெரியாது. என்ன நிறம்?

மாமா

ஜூன் 24, செவ்வாய்
பட்டறை

மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று இந்த முறை போடவில்லை. நான் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். நான் சொல்லாமல் விட்டேன். நீங்கள் டாக்டர் நேராகக் கேட்டபோது தலையாட்டினீர்கள். இரண்டும் ஒன்றல்ல. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இறந்துபோயிருந்தால் அந்தப் போர்டை நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தீர்களா?

இப்போது நடந்தவற்றை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தாள். கைப்பையைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். பின்னறைக்குப் போய் மண்டியிட்டு அடித்துணியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து ஐந்து ஜோடிக் கண்கள் பார்த்தன.

"இந்த வீட்டுல நான் ஒருத்திதான் முட்டாளா?"

அம்மா தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குமா தெரியும்?"

"தெரியுங்க. காலைல மாமன் ஊத்துவாரு, சாயங்காலம் மருமக ஊத்தும். பேசி வெச்சுக்கிட்டு செய்றாங்கன்னு நெனச்சேன். குடும்ப விஷயத்துல நான் எதுக்குத் தலையிடணும்?"

அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன என்றே எழுதுகிறேன். பிறகு கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு ஊத்துற?"

"கால் லிட்டர்."

"அஞ்சு உசுருக்குக் கால் லிட்டரா? அதுவும் பெத்தவளுக்கு?"

அவ்வளவுதான். தெருவில் விடவில்லை. திங்கட்கிழமை கால்நடை டாக்டர் வந்து ஐந்துக்கும் தெள்ளு மருந்து போட்டார். பின்னறையைக் கழுவித் துடைத்தோம். பச்சை சோபாவின் பழைய பஞ்சு முழுவதையும் எடுத்து எரித்தாகிவிட்டது. நான் கையுறை போட்டுக்கொண்டேன். அம்மா கையுறையோடு முகமூடியும் போட்டுக்கொண்டு திட்டியதால் என்ன திட்டினாள் என்று விளங்கவில்லை.

குட்டிகளில் இரண்டு சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் கறுப்புத் திட்டு. இது தகவலுக்காக மட்டும் எழுதியது. கோபம் தீரவில்லை.

மருமகள்

ஜூன் 30, திங்கள்
கட்டில் எண் 42

அகராதி,

பரிசோதனை முடிவு வந்தது. பூனைக் கிருமிதான். அதன் பெயர் ஒரு ரயில் நீளம், நர்ஸிடம் எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் மருத்துவப் புத்தகத்தில் இருப்பது இதுதானா என்று சரிபார்த்துக்கொள். டாக்டர் தன் பத்து வருஷத்தில் இது இரண்டாவது ஆள் என்றார். அரிய வகை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

காய்ச்சல் நின்று ஆறு நாள் ஆகிறது. பஞ்சு சுருங்க ஆரம்பித்திருக்கிறது. இப்படியே போனால் என்னைத் திறக்க வேண்டியதில்லை. வால்வு கொஞ்சம் கசியும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், பல்லில் கை வைக்கும் முன் மருந்து போட வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பூனை என் பக்கத்தில் வரக் கூடாது. பெரிய பூனை இருக்கலாம், தெள்ளு இல்லாமல், கீறாமல். கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு ஒரு வயது எப்போது ஆகும்? ஜனவரியில் உன் இரண்டு கைக்குள் அடங்கியது என்று எழுதினாயே, அதை டாக்டரிடம் சொன்னேன். நவம்பர் வாக்கில் பிறந்திருக்கும், நவம்பர்வரை அது உங்கள் வீட்டில் அக்காவோடு இருக்கட்டும் என்றார். அக்காவோடு! முதலில் அக்காவிடம் யார் சொல்வது?

உன் கோபத்துக்கு வருகிறேன். அன்று தலையாட்டியது தப்பு. சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இதில் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். நீ அந்தப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று படித்தபோது, பஞ்சு இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு எங்கேயோ வலித்தது. மன்னித்துக்கொள். இனிமேல் கேட்டால் உள்ளதைச் சொல்வேன், அக்கா பக்கத்தில் நின்றாலும்.

கறுப்புக்கு என்ன பெயர்?

மாமா

ஜூலை 29, செவ்வாய்
பட்டறை, மாலை ஆறு மணி

அன்புள்ள மாமாவுக்கு,

('அன்புள்ள' திரும்பி வந்துவிட்டது. நான்கு கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது, ஆவணத்துக்காகச் சொல்கிறேன்.)

ஆறு வார மருந்து நாளையோடு முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஃபோம் வண்டியிலேயே வருகிறீர்களாம். "பின்னாடி முழுக்க ஃபோம், ராஜா மாதிரி படுத்துக்கிட்டே வரலாம்" என்று டிரைவர் சொல்கிறார். முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. இதில் நான் அம்மாவின் கட்சி.

எனவே இது கடைசிக் கடிதம். விட்டுப்போனது எதுவும் இருக்கக் கூடாது.

பச்சை சோபா முடிந்துவிட்டது. தையல்காரம்மா உறை தைத்தார், நான் அடித்துணியை அடித்தேன். ஆணிகள் நேர்க்கோட்டில் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நீதிபதியம்மா வந்தார். உட்கார்ந்து பார்த்தார். திட்டுப்போட்ட குட்டி எங்கிருந்தோ வந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது, பிறந்த வீடு என்ற உரிமையோடு.

"இது யாரு?"

"இந்தச் சோபாலதாங்க பொறந்துச்சு" என்றேன். அப்புறம் ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், கதவை மறித்து நின்றதையும் சேர்த்து.

கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கே தெரியும்" என்றார். "உன் பாவாடையெல்லாம் பூனை முடி." சோபாவோடு குட்டியும் வண்டியில் ஏறிப் போயிற்று. கறுப்பைப் பல் டாக்டரின் உதவியாளர் எடுத்துக்கொண்டார். (அதற்கு 'பின்குறிப்பு' என்று பெயர் வைத்திருந்தேன். அவர் 'பல்லி' என்று மாற்றிவிட்டார்.) சாம்பல் இரண்டும் டிரைவர் வீட்டில்.

முன்னுரை என்கிற ஸ்பிரிங் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறது. அம்மாவிடம் நவம்பர்வரை என்றேன். "நவம்பரா! ஒரு நாள்கூட முடியாது" என்றாள். அது ஒரு மாதத்துக்கு முன்னால். பகலில் அது பட்டறைக்கு நடந்து வருகிறது, போர்டுக்குக் கீழே வெயிலில் படுத்துக்கொள்கிறது. போர்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அம்மா, "மாட்டினது மாட்டினபடி இருக்கட்டும். கஸ்டமர் பாக்கட்டும்" என்றாள். வாடிக்கையாளர்கள் முதலில் போர்டைப் பார்க்கிறார்கள், பிறகு கீழே பார்க்கிறார்கள், பிறகு எங்களைப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அது பட்டறைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கு ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். தையல்காரம்மா மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா பூட்டும் கையுமாக நிற்கிறாள்.

"முடிச்சியா? மாமனுக்கு இன்னும் என்னதான் எழுதுற, மூணு நாள்ல நேர்லயே வரப் போறான்."

"நடக்கிறது நடக்க நடக்க எழுதணும்மா."

"சரி, இதையும் எழுதிக்கோ, வந்ததும் முதல் வேலையா கையக் கழுவச் சொல்லு."

எழுதிவிட்டேன். அம்மா இப்போது பின்னறைக்குப் போகிறாள். ஸ்பிரிங் மாடியறையில் தூங்குகிறது, பட்டறையில் ஒரு குட்டியும் இல்லை. பால் கிண்ணம்கூடக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆனாலும் அம்மா பின் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு நிமிடம் நின்று, உள்ளங்கையை வைத்து அளந்து, மறுபடியும் ஒரு கையளவு திறந்து வைக்கிறாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. வார்னிஷ் வாசனைக்காக இருக்கும்.

விளக்கை அணைத்துவிட்டாள்.